கொமா மூச்சன்று

தமிழ்ப் பண்டிதனுக்கும் ஆங்கிலக் கொமாவுக்கும் என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைப்பர். ஆங்கிலம் படிப்பிப்போர் பலர் இருக்க, நன்னூலும் காரிகையும் படிப்பிக்கும் ஒருவன் அவ்வெல்லையிற் கால் வைப்பது முறையோ எனக் கேட்பாரும் இருப்பர். முறையன்றுதான். ஆயினும், அவ்வெல்லைக்குள் நான் முன்னரே ஒருமுறை புகுந்து பிழை செய்துவிட்டேன். செய்த பிழையே இதனை எழுதத் தூண்டுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியிற் படித்த மாணவன் ஒருவன், தந்தையை இழந்தவன், உயர்தரம் சித்தியெய்தியபின் ஓர் உதவி நிதிக்கு விண்ணப்பித்தான். விண்ணப்பத்தோடு தன் குடும்ப நிலையை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதவேண்டும். எழுதிய தாளை, ஆங்கில ஆசிரியை அன்று வாராமையால், என்னிடம் கொண்டுவந்து, "ஐயா, ஒருக்கால் பார்த்துத் தாருங்கோ" என்று நின்றான். வவுனியாவிற் படிப்பிக்கின்ற தன் அக்காவே குடும்பத்தைத் தாங்குகிறார் என்பது அதில் ஒரு வாக்கியம். அக்கா என்னும் சொல்லை அடுத்து ஒரு கொமாவும், வவுனியா என்னும் பெயரை அடுத்து இன்னொரு கொமாவும் இட்டிருந்தான். "தம்பி, ஒரு சிறு வாக்கியத்துக்கு இத்தனை நிறுத்தமோ? வாசிப்பவருக்கு மூச்சு முட்டப்போகுது" என்று சொல்லிச் சிவப்புப் பேனையால் இரண்டையும் வெட்டினேன். அவன் மறுவார்த்தை பேசவில்லை. பண்டிதர் சொன்னாற் பிழையிராது என்று நம்பினான்.

நேர்முகப் பரீட்சையில் இருந்தவர்களுள் ஒருவர் ஆங்கிலத்தில் நுட்பமறிந்தவர் போலும். "உமக்கு எத்தனை அக்காமார்?" என்று கேட்டாராம். "ஒருவர்தான்" என்றான் பையன். "அப்படியானால் வவுனியாவிலிருக்கும் அக்கா என்று ஏன் பிரித்தெழுதினீர்? மற்றவர்கள் எங்கே? அவர்கள் உழைப்பதில்லையோ?" என்று மேலும் வினாவினாராம். அவனுக்கு வினாவே விளங்கவில்லை. தடுமாறினான். அவ்வாண்டு அவனுக்கு அந்நிதி கிடைக்கவில்லை. இரண்டு கொமாவினால்தான் அது தவறியது என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. அன்று என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை.

இதனை ஆங்கில ஆசிரியைக்குச் சொன்னபோது அவர் சிரித்தார்; சிரித்த பின் வருந்தினார். "பண்டிதர் ஐயா, நீங்கள் இரண்டு கொமாவை வெட்டினீர்கள், அந்தப் பிள்ளைக்கு இரண்டு அக்காமார் கூடிவிட்டார்கள்" என்றார். கொமா இன்றி எழுதினால், அக்காமார் பலருள் வவுனியாவில் இருப்பவர் இன்னார் எனப் பிரித்தெடுப்பதாகும். கொமாக்களுக்குள் வைத்தெழுதினால், உள்ள ஒரே அக்காவைப் பற்றி மேலும் ஒரு செய்தி சொல்வதாகும் என அவர் விளக்கினார்.

அதைக் கேட்டவுடன் எனக்கு வெட்கமும் வியப்பும் ஒருங்கே உண்டாயின. வெட்கத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வியப்புக்குக் காரணம், அவர் சொன்னதை நான் முப்பது ஆண்டுகளாக வேறொரு பெயரிற் படிப்பித்து வந்திருக்கிறேன் என்பது. செந்தாமரை என்பதிலுள்ள செம்மை வெண்டாமரையை விலக்குகின்றது. செஞ்ஞாயிறு என்பதிலுள்ள செம்மை எந்த ஞாயிற்றை விலக்கும்? ஞாயிறு ஒன்றே. முன்னையது இனமுள்ள அடை; பின்னையது இனமில்லா அடை. உரையாசிரியர் மரபில் வந்தோர் முன்னதைப் பிறிதினியைபு நீக்கியது என்றும், பின்னதைத் தன்னோடியைபின்மை நீக்கியது என்றும் நுணுகி வகுப்பர். அக்கா ஒருவரேயாயின் "வவுனியாவிற் படிப்பிக்கின்ற" என்பது இனமில்லா அடை. ஆங்கிலத்தில் அதனைக் கொமா இரண்டுக்குள் வைக்கவேண்டும். அக்காமார் பலராயின் அது இனமுள்ள அடை, கொமா இடலாகாது. பண்டித வகுப்பிற் படித்த எவருக்கும் அரை நிமிடத்தில் விளங்கத்தக்க இதனை, ஆங்கில வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக விளங்காமலே கடந்துபோகின்றனர்.

ஏன் விளங்குவதில்லை? கொமா என்றால் மூச்சு விடும் இடம் என்று நாம் சொல்லிக் கொடுத்தமையால். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நான் பாலர் வகுப்பிற் கற்றேன்; பின் கற்பித்தேன். நாம் வைத்த பெயர்களே கால், அரை, முக்கால் என்று அளவைப் பெயர்களாக இருக்கின்றமையைக் காண்க. குறியின் தொழில் நிறுத்தத்தை அளத்தல் என்னும் கொள்கை பெயரிலேயே ஏறிவிட்டது.

இக்கொள்கை நாமாகக் கண்டதன்று. ஏட்டுச் சுவடிகளில் இக்குறிகள் எவை? மெய்யெழுத்துக்கே புள்ளி இடாத ஏடுகள் எத்தனை! தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காக ஆண்டு காட்டியவர் என நாம் போற்றும் ஆறுமுகநாவலர் (1822–1879), பேர்சிவல் பாதிரியாரோடு வேத புத்தக மொழிபெயர்ப்பிற் பணியாற்றியவர். ஆங்கில நூல்களை நன்கறிந்தவர். அக்காலத்து ஆங்கில இலக்கண நூல்களோ மூச்சுக் கணக்கையே ஓதின. 1762 இல் வெளிவந்த றொபேட் லோத் என்பாரின் ஆங்கில இலக்கணம், செமிகோலனின் நிறுத்தம் கொமாவின் இருமடங்கு, கோலனின் நிறுத்தம் செமிகோலனின் இருமடங்கு, முற்றுப்புள்ளியின் நிறுத்தம் கோலனின் இருமடங்கு என விதித்தது. 1795 இல் வந்து பன்முறை பதிப்பிக்கப்பெற்ற லின்ட்லி மரேயின் இலக்கணமும் அதையே சொல்லிற்று. லோத்தின் கணக்கில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு; எங்கள் கணக்கில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வாய்பாடு மாறிற்று, கொள்கை மாறவில்லை.

அது அவர்களுக்கும் பழஞ்சொத்தே. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தில் அலெக்சாந்திரியா நூலகத்துத் தலைவராயிருந்த அரிஸ்தோபனீசு என்னும் இலக்கண ஆசிரியர், உரத்து வாசிப்போர் எங்கே எவ்வளவு நிற்கவேண்டும் என்பதை மூவகை உயரத்திற் புள்ளியிட்டுக் காட்டினார். கொமா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வெட்டப்பட்ட துண்டு என்பது பொருள். இன்று நாம் காணும் வளைந்த வால், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து அச்சகத்தார் அல்டஸ் மனூசியஸ் கையில் உருப்பெற்றது. அச்சு பெருகப் பெருக மனிதர் வாய்க்குள்ளே வாசிக்கத் தொடங்கினர். வாய்க்குள் வாசிப்பவனுக்கு மூச்சுக் கணக்கு எதற்கு? குறியின் தொழில் வாக்கியத்தின் உறுப்புக்களைப் பிரித்துக் காட்டுவதாயிற்று. ஆங்கிலேயர் மாறிவிட்டனர். நாம் அவர்கள் கைவிட்ட சட்டையை இன்னும் தோய்த்து உடுத்துகிறோம்.

இதனால் விளையும் பிழைகளுள் முதன்மையானது, எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையிற் கொமா இடுதல். கோயில் வாசலில் மாம்பழம் விற்ற முதியவர் வந்தார் என்று பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது, எழுவாய் நீண்டு மூச்சு முடிகின்றமையால், "வந்தார்" என்பதன் முன் கொமா விழுகின்றது. மரேயின் காலத்தில் இது பிழையன்று. நீண்ட எழுவாயின் பின் கொமா இடலாம் என்று அவரே விதி செய்திருக்கிறார். 1791 இல் நிறைவேறிய அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம், ஆயுதம் தாங்கும் உரிமையைச் சொல்லுவது, 27 சொற்களும் மூன்று கொமாக்களும் உடைய ஒரே வாக்கியம். அதில் "உரிமை" என்னும் எழுவாய்த் தொடர் முடிந்து, "மீறப்படலாகாது" என்னும் பயனிலை தொடங்குமுன் ஒரு கொமா நிற்கின்றது. இன்று ஒரு மாணவன் அவ்வாறு எழுதினால் ஆசிரியர் சிவப்புக் கோடிடுவார். அன்று மூச்சுக்கு இட்ட குறியை இன்று பொருளுக்கு இட்டதாகக் கொண்டு நியாயவாதிகள் வாதித்தனர். 2007 இல் வோஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம், இரண்டாவது கொமாவே அவ்வாக்கியத்தை முகவுரை, விதி என இரு கூறாக்குகின்றது எனத் தன் தீர்ப்பில் எழுதியது. ஒரு நாடு தன் துப்பாக்கி வழக்கைக் கொமா எண்ணித் தீர்க்க முற்பட்டதைக் கண்டு எங்கள் உரையாசிரியர்கள் வியந்திருக்க மாட்டார்கள். ஒரு புள்ளிக்கும் ஓர் உம்மைக்கும் அவர்கள் பக்கம் பக்கமாக வாதித்தவர்கள்.

இனி, கொமா உண்மையில் என்ன தொழில் செய்கின்றது என்பதற்கு வருவோம். என் கருத்து இது: தமிழில் வேற்றுமையுருபும் இடைச்சொல்லும் செய்யும் வேலையிற் பெரும்பகுதியை ஆங்கிலத்திற் கொமா செய்கின்றது.

விளியை எடுத்துக்கொள்வோம். "ரீச்சர், கூப்பிடுவோமா?" என்பதும் "ரீச்சரைக் கூப்பிடுவோமா?" என்பதும் தமிழில் ஒருபோதும் மயங்கா, இரண்டாம் வேற்றுமையுருபு காவல் நிற்கின்றது. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் சொற்கள் அவையே, வரிசையும் அதுவே. ரீச்சர் என்பதன் முன்னே ஒரு கொமா இருந்தால் அவரை விளிக்கிறோம். இல்லாவிட்டால் அவரைக் கூப்பிடப்போகிறோம். விளியுருபு இல்லாத மொழிக்கு அவ்வளைந்த கோடே விளியுருபு. இவ்வாறு சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளை மறக்கும்?

எண்ணிலும் அதுவே நிலை. பொருள்களை அடுக்கும்போது நாம் ஒவ்வொன்றுக்கும் உம் கொடுக்கிறோம். இன்றேல் செவ்வெண்ணாக அடுக்கி, இறுதியில் தொகைச்சொல் கொடுக்கிறோம். "பனை, தென்னை, கமுகு மூன்றும் நட்டான்" என்பதில் "மூன்றும்" என்பது வேலியடைத்தது போல் நிற்கின்றது. செவ்வெண்ணுக்குத் தொகை வேண்டும், உம்மை எண்ணுக்கு அது இன்றியும் இயலும் என்று நன்னூலார் வரையறுத்தது வெறும் அழகுக்கன்று. ஆங்கிலத்திற்கு இவ்வுரிமை இல்லை. அங்கே கடைசிப் பொருளின் முன் ஒரேயொரு "அன்ட்" வரும். ஏனையவற்றைக் கொமாவே பிரிக்கவேண்டும். அந்த "அன்ட்" என்பதன் முன்னும் ஒரு கொமா வேண்டுமா என்பதே ஒக்ஸ்போர்ட் கொமா என்னும் நீண்ட வழக்கு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தார் வேண்டும் என்பர். பிரித்தானியப் பத்திரிகைகள் பல வேண்டா என்பன.

ஒரு மாணவி விழாவுக்கு ஆசிரியர்களையும் அதிபரையும் குருக்களையும் அழைத்ததாக ஆங்கிலத்தில் எழுதுகிறாள் என்போம். ஆசிரியர்கள் என்பதை அடுத்துக் கொமா இட்டு, அதிபர் என்பதை அடுத்துக் கொமா இடாமல் "அன்ட்" எழுதினால், அழைக்கப்பட்ட ஆசிரியர்கள் யாவர் எனின் அதிபரும் குருக்களும் எனவும் பொருள்படும். தமிழில் முன்னதற்கு "ஆசிரியர்களையும்" என்றும், பின்னதற்கு "ஆசிரியர்களாகிய" என்றும் வரும். உம்மைக்கும் ஆகியவுக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலம் ஒரு கொமாவிற் காட்டுகின்றது. ஆதலின் என் பக்கம் கேட்டால், கடைசிக் கொமாவை இடுவதே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பேன். அது மிகையாகத் தோன்றுமிடத்திலும் எவரையும் கெடுக்காது. இல்லாதபோது கெடுத்ததற்குச் சான்றுண்டு.

அச்சான்று அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலிருந்து வருவது. மேலதிக நேர வேலைக்கு மேலதிகக் கூலி கொடுக்க வேண்டாத தொழில்களை அம்மாநிலச் சட்டம் ஒன்று அடுக்கிச் சொன்னது. பேணியில் அடைத்தல், பதனிடுதல், உறையவைத்தல், உலர்த்தல், களஞ்சியப்படுத்தல் எனத் தொடர்ந்து, இறுதியில் "அனுப்பீட்டுக்குப் பொதிதல் அல்லது விநியோகம்" என முடிந்தது. அந்த "அல்லது" என்பதன் முன் கொமா இல்லை. ஓக்ஹேர்ஸ்ற் என்னும் பாற்பொருள் நிறுவனத்தின் சாரதிகள் வழக்குத் தொடுத்தனர். நாங்கள் பொருள்களை விநியோகிக்கிறோம், பொதிவதில்லை. சட்டம் விலக்கியது அனுப்பீட்டுக்கோ விநியோகத்துக்கோ பொதிகின்ற வேலையை. எனவே எங்களுக்குக் கூலி வேண்டும் என்பது அவர்கள் வாதம். பொதிதலும் ஒன்று, விநியோகித்தலும் ஒன்று, இரண்டும் விலக்கே என்றது நிறுவனம். 2017 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் மயங்குகின்றது. மயங்குமிடத்துத் தொழிலாளர் பக்கமே கொள்ளவேண்டும் எனத் தீர்த்தது. 2018 இல் நிறுவனம் 50 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. தீர்ப்பின் பின் சட்டத்தைத் திருத்தியவர்கள் கொமாவையே நம்பாமல், ஒவ்வொரு தொழிலின் பின்னும் செமிகோலன் இட்டார்கள் என்பது சுவையான செய்தி. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது.

இச்சட்டத்தைத் தமிழில் எழுதப் புகுந்தவன் முதற் சொல்லிலேயே முடிவு செய்தாகவேண்டும். "பொதிதலும் விநியோகித்தலும்" என்பானா? "அனுப்பீட்டுக்கோ விநியோகத்துக்கோ பொதிதல்" என்பானா? இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளத் தமிழ் இடங்கொடாது. மொழிபெயர்த்தால் மயக்கம் தெளியும் என்பதற்குக் கனடாவிலும் ஒரு வழக்குண்டு. மின்கம்பங்களிற் கம்பி கட்டும் ஒப்பந்தம் ஒன்றை ஐந்தாண்டு முடியுமுன் நீக்கலாமா என்பது கேள்வி. 2006 இல் அந்நாட்டு ஆணைக்குழு, ஒப்பந்தத்தின் ஒரு கொமாவை வைத்து நீக்கலாம் என்றது. தோற்றவர்கள் அதே ஒப்பந்த வாசகத்தின் பிரெஞ்சு வடிவத்தைக் கொண்டுவந்து காட்டினர். அதில் அம்மயக்கம் இல்லை. 2007 இல் முடிவு மாறிற்று.

இவ்வளவு நல்ல உம்மையைக் கையில் வைத்திருக்கும் நாம், அறிவித்தற் பலகைகளில் "அரிசி, பருப்பு மற்றும் சீனி" என்று எழுதத் தொடங்கியிருக்கிறோம். "அரிசியும் பருப்பும் சீனியும்" என்றால் பலகையில் இடம் போதாதோ? இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

தமிழ்ப் பழக்கம் ஆங்கிலத்திற் கெடுதல் செய்யும் இடமும் ஒன்றுண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. "மழை பெய்தது, குளம் நிறைந்தது, தவளை கத்தியது" என்று வினைமுற்றுக்களைக் கொமாவால் அடுக்குவது எங்களுக்கு இயல்பு. ஆங்கிலத்தில் முழு வாக்கியம் இரண்டைக் கொமா ஒன்றினால் ஒட்டினால் பிழை என்பர். இடையில் "அன்ட்" போன்ற ஒரு சொல் வேண்டும், அன்றேல் செமிகோலனோ முற்றுப்புள்ளியோ வேண்டும். தமிழ் மாணவர் கொப்பிகளிற் பெரிதும் காணப்படும் பிழை இதுவே என்று ஆங்கில ஆசிரியை சொல்கிறார். இங்கும் மூச்சுக் கணக்கு உதவாது. முற்று எது, எச்சம் எது என அறிந்தவனுக்கே விதி கைவரும். அதை அறிவிப்பது எங்கள் வகுப்பின் வேலையன்றோ?

இந்நாளில் இவை எதற்கு, கணினியே கொமா இட்டுத் தருமே என்பாரும் உளர். தரும், பல இடங்களில் நன்றாகவே தரும். ஆனால் அந்தப் பையனுக்கு எத்தனை அக்காமார் என்பதைக் கணினி எவ்வாறு அறியும்? அது அவனுக்குத் தெரியும். அவன் சரியாகவே எழுதியிருந்தான்.

ஆகவே ஆங்கில ஆசிரியர்களையும் தமிழ் ஆசிரியர்களையும் ஒன்று கேட்கிறேன். இரு வகுப்புக்கும் நடுவிலுள்ள சுவரிலே ஒரு சிறு வாசல் வையுங்கள். எண்ணிடைச்சொல் படிப்பிக்கும் நாளில் ஆங்கில அடுக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். கொமா படிப்பிக்கும் நாளில் செந்தாமரையையும் செஞ்ஞாயிற்றையும் நினைவூட்டலாம். இதற்குப் புதுப் பாடத்திட்டமும் வேண்டா, சுற்றுநிருபமும் வேண்டா. அரைமணி நேரம் போதும். மாத்திரைக் கணக்கைச் செய்யுள் ஓசைக்கு வைத்துக்கொள்வோம். அங்கே அதற்கு வேலையுண்டு.

எங்கள் கல்லூரியில் இவ்வாண்டு ஆங்கில ஆசிரியையும் நானும் இதனை ஒருநாட் செய்து பார்த்தோம். இனமுள்ள அடை, இனமில்லா அடை என்று நான் தமிழில் விளக்க, அவர் ஆங்கில வாக்கியங்களை எழுதினார். பின்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழுந்து, "ஐயா, அப்ப செஞ்ஞாயிறு எண்டு ஆங்கிலத்தில எழுதினாலும் கொமா போடவேணுமோ?" என்று கேட்டாள். பெயருக்கு முன் நிற்கும் அடைக்கு அது வேண்டா, பெயருக்குப் பின் தொடராக வரும் அடைக்கே கொமா என்று ஆசிரியை விடை சொன்னார். அவள் இருக்கவில்லை. "அப்ப, வவுனியாவிற் படிப்பிக்கின்ற அக்கா எண்டு தமிழில எழுதினா, அக்கா ஒராளோ கனபேரோ எண்டு வாசிக்கிற ஆளுக்கு எப்பிடி ஐயா தெரியும்?" என்றாள்.

நல்ல கேள்வி, அடுத்த வகுப்பிற் சொல்கிறேன் என்றேன். சேனாவரையத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.